முருங்கைக் காட்டோரம் போன கேபிள்

தாராபுரம்–மூலனூர் ரோட்டோரம் மண்ணுக்குள் போகும் தொலைபேசிக் கேபிளைக் காப்பதுதான் கைருதீனின் வேலை. சைக்கிளில் போகையில் எங்காவது கடப்பாரைச் சத்தம் கேட்டால் இறங்கிவிடுவார். உள்ளே செம்பு இருப்பதாக நினைத்துத் தோண்டுகிறவர்கள் அப்போது அதிகம். டீக்கடைகளில் ஒரு கேபிள் துண்டைக் காட்டி, "உள்ள நூலாட்டம் கண்ணாடிதானுங்க, வித்தா ஒரு டீக்குக்கூட ஆகாதுங்க" என்பார்.

தொண்ணூற்றேழு ஆடியில் ஒரு காலை லைன் செத்துப்போனது. தேடிக்கொண்டு போனவர், பொன்னாத்தாள் என்ற அம்மாளின் முருங்கைக் காட்டோரம் குழியைக் கண்டார். கேபிள் இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் சாய்ந்து கிடந்த முருங்கை மரத்தின்மேல், கோடாலியும் கையுமாக அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான் வெட்டுனேன். போலீசுக்குச் சொல்லிக்குங்க. இந்தக் கேபிள் போடக் குழி தோண்டறப்ப உங்காளுக வேரெல்லாம் அறுத்துப்போட்டாங்க. காத்துக்கு நாலு மரம் சாஞ்சிருச்சு. செத்துப்போன எங்கூட்டுக்காரரு வெச்ச மரமுங்க. நான் ஆருகிட்டப் போயிக் கேக்கறது?"

கைருதீனுக்குக் கோபம் வரவில்லை. அதே மரத்தின்மேல் உட்கார்ந்தார்.

"அக்கா, எங்கூட்டுக்காரி நசீமா திருப்பூர்ல பனியன் மடிக்கறாளுங்க. வெளிநாட்டுல இருந்து இந்தக் கேபிள் வழியா ஃபேக்ஸ் வந்தாத்தான் அங்க சரக்கு கெளம்பும். இன்னைக்கு அத்தனை பொம்பளைகளும் வேலையில்லாம திரும்பி வருவாங்க."

பொன்னாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அது தெரியாதுங்களே சாமி…"

எஞ்சினியர் வந்ததும் கைருதீன் எதையும் மறைக்கவில்லை. வெட்டியது யாரென்று சொன்னார். பிறகு அறுபட்ட வேர்களையும் கையோடு காட்டினார். "கேசு போடாதீங்க சார். தப்பு நம்ம பக்கமும் இருக்குதுங்க." எஞ்சினியர் குனிந்து வேர்களைப் பார்த்தார். இனிமேல் வெட்டக்கூடாது என்று கண்டித்துவிட்டு, கேபிளை ஒட்டும் வேலையைத் தொடங்கச் சொன்னார். அதோடு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கைருதீனும் நசீமாவும் மூலனூரிலிருந்து முருங்கைப் போத்துக் கிளைகளை வெட்டிக்கொண்டுவந்து, கேபிளை விட்டுத் தள்ளி நட்டார்கள். பொன்னாத்தாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒன்று பட்டுப்போனது, மற்றவையெல்லாம் துளிர்த்தன.

மறுவருஷம் ரோட்டை அகலப்படுத்த பொக்லைன் வந்தது. கேபிள் போகும் இடத்தைக் காட்ட நட்டிருந்த கல்லை வெளியூர் டிரைவர் கவனிக்கவில்லை. பொன்னாத்தாள் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"எந்தம்பி வர்ற வரைக்கும் ஒரு புடி மண்ணு எடுக்கக்கூடாது!"

தகவல் கேட்டு கைருதீன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் வெயிலில் நின்ற பொன்னாத்தாள் நகரவில்லை. கைருதீன் அவர் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தார். டிரைவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

"பயமா இருந்துச்சுங்களாக்கா?"

"இல்லாம இருக்குமா? உங்கூட்டுக்காரி மூஞ்சிதான் கண்ணுக்குள்ளயே இருந்துச்சு தம்பி."

அன்று சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கிய நசீமாவிடம் கைருதீன் நடந்ததைச் சொன்னார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அக்காவைப் பாத்துட்டு வந்தர்லாம் வாங்க" என்று சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.