சங்கிலியைக் கழற்றச் சொன்னவள் நான்தான்

பிரான்சில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகன் அந்துவான், அங்கிருந்து மோட்டார் சைக்கிளிலேயே முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். வழியில் எந்த நாட்டில் நிறுத்தினாலும் ஹேண்டிலைப் பூட்டி, சக்கரத்தில் தடித்த சங்கிலி போடுவானாம். இங்கேயும் போட்டான்.

எங்கள் சந்தில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. ஆட்டோ நுழைந்தால் யார் வண்டியையும் யாரும் ஓரமாகத் தள்ளிவைப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் சங்கிலியைப் பார்த்து முறைத்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"நம்ம தெருவுல எவன்டா திருடப் போறான்? கழட்டு" என்று அதட்டினேன்.

"வேணாம் அத்தை" என்றான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் சங்கிலியைக் கழற்றி, ஹேண்டில் பூட்டையும் எடுத்துவிட்டான்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வண்டி இல்லை. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ரெண்டு பேரு தள்ளிக்கினு போனாங்கம்மா. கனமா இருந்துச்சு, நான்தான் முனை வரைக்கும் பின்னால தள்ளிவுட்டேன். நீங்க சொல்லித்தான் நகத்துறாங்கன்னு நெனச்சேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மனிதர் முகத்தில் துளி வருத்தமில்லை.

நல்ல காலம், சாவியில்லாமல் கிளப்ப முடியாததால் இரண்டு தெரு தள்ளி வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடியிருந்தார்கள். அந்துவான் அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டான்.

இப்போது என் ஸ்கூட்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் பூட்டுகிறேன்.

"வண்டிய நகத்தவே முடியலம்மா!" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கத்துகிறார்.

"அதுக்குத்தாண்ணே பூட்டியிருக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை