பத்திய வாரத்தில் ஒரு சைனீஸ் பார்சல்

எனக்கு உட்கார வராது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் மேசையில் தாளம் போடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அடித்துப் பார்த்தார்கள், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி முறைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்குக் கடவுள் கொடுத்த உத்தியோகம் குமாஸ்தா. குன்னூரில் தேயிலையை ஏலத்துக்குக் கொண்டுபோகும் தரகுக் கம்பெனி ஒன்றில், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுத வேண்டும். என் மைக்கூடு எத்தனை தடவை கவிழ்ந்தது என்பது எனக்கும் பக்கத்து மேசைக்காரரின் வேட்டிகளுக்கும்தான் தெரியும்.

அதே கட்டடத்தின் மாடியில் இன்னொரு உலகம் இருந்தது. டேஸ்டிங் ரூம். நீளமான மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஃபாக்டரியின் தேயிலைச் சாறு. பெரியவர், அதாவது எங்கள் கம்பெனியின் தலைமை டேஸ்டர், கையில் கரண்டியோடு அந்த வரிசையில் நடந்துகொண்டே போவார். ஒரு உறிஞ்சல், ஒரு கொப்பளிப்பு, ஒரு துப்பல், அடுத்த கோப்பை. கவனியுங்கள், நடந்துகொண்டே. அந்த அறையில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஏதாவது ஃபைல் கொடுக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் நான் வாசலில் நின்று அந்த வெற்றுத் தரையை ஏக்கத்தோடு பார்ப்பேன்.

ஒருநாள் ஆபீஸ் டீயைக் குடித்துவிட்டு, "இதுல மண்ணெண்ண வாசம் வருதுங்க" என்று சும்மா இருக்க முடியாமல் சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ப்யூன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டவ் திரியைத் தள்ளிவிட்ட கையோடு டீத்தூளை அள்ளிப் போட்டவர் அவர். விஷயம் மாடிக்குப் போயிற்று. பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்ப்பா, மூக்கு நல்லா வேலை செய்யுதாட்ட இருக்குது. எனக்கு ஒரு ஆளு வேணும். வர்ற திங்கக்கிழமை காத்தால வா, பாக்கறேன். அதுவரைக்கும் பூண்டு, வெங்காயம், மொளகா, வெத்தலை எதுவும் நாக்குல படக்கூடாது. சென்ட்டு கிண்ட்டு அடிச்சுட்டு வந்தீன்னா வாசப்படியோட திருப்பி அனுப்பிச்சிருவேன்."

ஒரு வாரம். தேறினால் வாழ்நாள் முழுக்க நிற்கலாம், நடக்கலாம். தேறாவிட்டால் மறுபடி அந்த நாற்காலி. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருக்கவில்லை.

வீட்டில் பத்தியம் ஆரம்பமாயிற்று. தயிர்ச் சோறு, வெறும் இட்லி, உப்புப் போதாத கஞ்சி.

"ஏனுங்க, இட்லிக்குத் தொட்டுக்க என்னங்க பண்றது?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் வேண்டாம்."

"நான் சட்னி அரைச்சுக்கறேன். நீங்க பாத்துக்கிட்டே தின்னுங்க."

வெறும் நாக்கோடு இருக்கும் மனிதனுக்கு ஊரே ஒரு சமையலறை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் பரோட்டாக் கல், மார்க்கெட்டுக்குப் போனால் வறுத்த கடலை. எங்கேயும் நிற்காமல் நடந்தேன். ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்ததில் மனைவி தலையணையோடு அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயமுத்தூரிலிருந்து என் மச்சினன் வந்து இறங்கினான். துணிக்கடை வைத்திருப்பவன். எதையும் விற்றுவிடுகிற வாய். உள்ளே வந்து பையை வைப்பதற்குள் ஆரம்பித்தான்.

"மாமா, குன்னூரு வந்துட்டு சைனீஸ் திங்காமப் போனா கடைல எவனாச்சும் என்னைய மதிப்பானா? அக்கா, நீ சொல்லு."

மேல் குன்னூரில் ஒரு சீனக் குடும்பம் நடத்திய ஓட்டல் எங்களுக்கு நடந்துபோகிற தூரம்தான். விசேஷ நாட்களில் அங்கேதான் பார்சல் வாங்குவோம். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்ததால் மச்சினன் கம்பளியை விட்டு வெளியே வரத் தயாராக இல்லை.

"நீங்களே போயி வாங்கியாந்துருங்க" என்றாள் மனைவி. "மத்த நாள்னா வழியிலயே பாதி கொறஞ்சிரும். இன்னைக்குத்தான் முழுசா ஊடு வந்து சேரும்."

சூப்புக்குத் தூக்குப்போசியும் மற்றதற்குத் துணிப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஓட்டலில் கல்லாவில் இருந்த சீன அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். அவரும் என்னைப் போல இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். கொங்குத் தமிழை என்னைவிட அழகாகப் பேசுவார். தலைக்கு மேலே சிவப்புக் காகித விளக்கு, அதற்குப் பக்கத்தில் மருதமலை முருகன் காலண்டர்.

"வாங்க, வாங்க. குளுருல தனியா வந்திருக்கறீங்க. ஊட்டுல ஒறம்பரைங்களா?"

"ஆமாங்க, மச்சினன் வந்திருக்கறானுங்க." ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், பூண்டுச் சிக்கன், சூப் என்று சொன்னேன்.

"உங்களுக்குன்னு எப்பவும் காரமா ஒண்ணு சொல்லுவீங்களே?"

"நான் இன்னைக்குத் திங்கறதில்லீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க, போன தடவை ஏதாச்சும் கோளாறாயிப்போச்சுங்களா?"

நான் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நீங்க இங்க நிக்கறதே தப்புங்க. அந்த ஜன்னலோரமாப் போயி உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். உள்ளே வாணலியில் பூண்டு விழுந்த சத்தம். எழுந்தேன். கதவுவரை போனேன், பனிமூட்டமாக மஞ்சு கண்ணாடியில் வந்து முட்டியது, திரும்பினேன். மீன்தொட்டியைப் பார்த்தேன். மீன் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு மேசைக்கு நடுவே போய் வந்துகொண்டே இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எனக்காகவே அவசரமாக முடித்துக்கொண்டு எழுந்தது.

"ஒண்ணு உக்காருங்க, இல்லீன்னா நில்லுங்க" என்றார் அந்த அம்மா. "நீங்க நடக்கற நடைல சமையக்காரரு ரெண்டாந்தடவ உப்புப் போட்டுரப்போறாரு."

கடைசியில் வெளியே போய் மழையில் நின்றேன். அங்கேயும் சமையலறைப் புகைபோக்கி என் தலைக்கு நேராக ஊதியது.

பார்சல் வந்தது. அட்டைப் பெட்டிகள், செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டி, கை வைக்க முடியாத சூடு. இறக்கத்தில் வரும்போது குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு கையில் தூக்குப்போசி. பெட்டிகளை ஸ்வெட்டருக்குள் நுழைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். ஆஹா. அந்த வாரத்தில் என் வயிறு அனுபவித்த ஒரே சுகம் அதுதான், வெளிப்பக்கமாக இருந்தாலும். எதிரே குடை பிடித்து வந்த தெரிந்தவர் ஒருவர் என் வயிற்றைப் பார்த்து, "எத்தனாவது மாசமுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தால், பூண்டுச் சிக்கனின் குழம்பு ஒரு மூலையில் கசிந்திருந்தது. ஸ்வெட்டரின் முன்பக்கம் அதை முழுக்கக் குடித்திருந்தது.

அவர்கள் சாப்பிட்டார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தயிர்ச் சோறு தின்றேன். மச்சினன் சும்மா தின்றானா? புடவைக்கு வர்ணனை சொல்கிற மாதிரி சொன்னான்: "மாமா, இந்தப் பூண்டுப் பல்லு இருக்குதே, வாய்ல வச்சா வெண்ணெயாட்டம் போகுது. வினிகரு லேசாத்தான், ஆனா பாருங்க, காதுவரைக்கும் எட்டுது."

ஸ்வெட்டரைத் துவைக்க வழியில்லை. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் நனைந்த கம்பளி காய்வதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். என்னிடம் இருந்ததும் அது ஒன்றுதான். மனைவி ஈரத்துணியால் துடைத்து அடுப்போரம் போட்டாள். காலையில் எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. ராத்திரி முழுக்க அதே வாசத்துக்குள் படுத்திருந்தவன் மூக்குக்கு எப்படித் தெரியும் என்கிற புத்தி அப்போது வரவில்லை. மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பொறுக்க முடியாமல் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். டேஸ்டிங் ரூமைக் கூட்டிக்கொண்டிருந்த ப்யூன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க சார், காத்தாலயே கறிச்சோறா?"

அப்போதுதான் புரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். எங்கே வைப்பது? ஆணியில் மாட்டினால் பெரியவர் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். கீழே என் மேசையில் வைத்தால், அவர் அந்த வழியாகத்தான் மாடி ஏறுவார். ப்யூன் தண்ணீர் பிடிக்கப் போன சமயம், மூலையில் இருந்த மர அலமாரியின் கீழ்த்தட்டில் அதைச் சுருட்டித் திணித்து, கதவை இறுக்கமாகச் சாத்தினேன். வாசம் வெளியே வரவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியவர் வழியில் ஒரு எஸ்டேட்டுக்குப் போய்விட்டு வருவதாகத் தகவல் வந்தது. வெறும் சட்டையோடு, பற்கள் தந்தியடிக்க, அந்த அறையை அளந்தேன். ஜன்னல், கதவு, ஜன்னல். வெளியே மஞ்சு விலகியது, மறுபடி மூடியது. அவர் வரும்போது வெயிலே வந்துவிட்டது.

ப்யூன் அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து சாம்பிள் டப்பாக்களையும் ஒரு காகிதப் பொட்டலத்தையும் எடுத்தபோதுதான் அது என்ன அலமாரி என்று எனக்கு உறைத்தது. தேயிலை, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். இது எங்கள் ஆபீஸில் கதவுக்குக்கூடத் தெரியும். டப்பாக்களுக்கு மூடி இருந்தது. பொட்டலத்துக்கு?

தண்ணீர் கொதித்தது, சாறு இறங்கியது. பெரியவர் உறிஞ்சிக்கொண்டே போனார், பின்னாலேயே நான். குளிர் நடுக்கத்தில் என் உறிஞ்சல் ஜலதரங்கம் மாதிரி கேட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இது கெட்டி, இது தண்ணி, இது கொஞ்சம் தீஞ்சது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசிக் கோப்பையில் நின்றார். மறுபடி உறிஞ்சினார். புருவம் ஏறியது.

"நீ சொல்லு."

உறிஞ்சினேன். ஒரு வாரம் பட்டினி கிடந்த நாக்கு. பூண்டு வந்தது, சோயா வந்தது, பின்னாலேயே காதுவரைக்கும் எட்டுகிற வினிகர் வந்தது.

"பூண்டு வாசமுங்க, சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பலே! வேற யாரும் இவ்வளவு கிளியராச் சொன்னதில்ல." உடனே ப்யூன் பக்கம் திரும்பினார். "இது கோத்தகிரிப் பக்கத்துப் புது ஃபாக்டரி சரக்குத்தானே? இலை காயப்போடற எடத்துலயே சமைக்கறானுங்களாட்ட இருக்குது. இந்த லாட்டை ஏலத்துலருந்து எடுத்துரச் சொல்லு. அத்தனையும் திருப்பி அனுப்பு."

வேலை கிடைத்துவிட்டது. அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா நிற்பது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, சும்மா. நின்று பார்த்தேன். அந்த ஃபாக்டரிக்காரர் போன வாரம்தான் கீழே வந்து, எங்கள் வரவேற்பறை பெஞ்சில் என்னைப் போலவே உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவருக்கு இதுதான் முதல் சரக்கு.

"சார், அது ஃபாக்டரிப் பூண்டு இல்லீங்க. எம்பட பூண்டுங்க."

"என்னது?"

அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன். அறை முழுக்க மேல் குன்னூர் ஓட்டல் வந்து நின்றது. பெரியவர் அதை வாங்கி, தொழில் பழக்கத்தில், நிதானமாக மோந்தார். ப்யூன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"சிக்கனா?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க. நான் திங்கலீங்க. தூக்கிட்டு மட்டுந்தானுங்க வந்தேன்."

"வெளிய போயி நில்லு."

அலமாரியைக் கழுவச் சொல்கிற சத்தமும், சாம்பிள்கள் எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிற சத்தமும், குடோனுக்கு ஆள் அனுப்புகிற சத்தமும் வராந்தாவில் எனக்குக் கேட்டன. கூடவே என் பெயரும் அடைமொழிகளோடு கேட்டது. அந்த வராந்தாவில் நான் நடந்த நடைக்கு ஊட்டிக்கே போயிருக்கலாம். கீழே என் நாற்காலி காலியாக இருப்பது படிக்கட்டு வழியாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பித் திரும்பி நடந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார். மேசையில் ஒரே ஒரு கோப்பை.

"அதே லாட்டு, குடோன்லருந்து புதுசா வந்தது. சொல்லு."

உறிஞ்சினேன். சுத்தமாக இருந்தது. காலை வெயில் மாதிரி ஒரு துள்ளல். "நல்ல டீங்க, சார். ஏலத்துக்கு விடலாமுங்க."

"விடலாமா வேண்டாமான்னு நான் சொல்லிக்கறேன்." கரண்டியை மேசையில் வைத்தார். "உன்ர நாக்கு தேவல. மூளையத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. நாளைலருந்து மேல வா."

நான் குதிக்கவில்லை. குதித்தால் கோப்பை கவிழும். "ரொம்ப நன்றிங்க. பத்தியமெல்லாம் ஒழுங்கா இருந்தேனுங்க. இன்னியோட முடிஞ்சுது."

பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முடிஞ்சுதா? யாரு சொன்னா? இப்பத்தானப்பா ஆரம்பம். ரிட்டயர் ஆகற வரைக்கும் அப்படித்தான்."

வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மச்சினன் ஊருக்குப் போயிருந்தான். பரீட்சை முடிந்து பசியோடு வருவேன் என்று மனைவி மிச்ச நூடுல்ஸை எனக்காக எடுத்துவைத்து, சூடு பண்ணித் தட்டில் போட்டு வைத்திருந்தாள். ஆவி பறந்தது. நான் தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வேலை, நிற்பது, நடப்பது, பிறகு அந்தக் கடைசி வாக்கியம்.

"ரிட்டயர் ஆகற வரைக்குமா?" என்றாள்.

"ஆமா. அதுக்கப்புறம் திங்கலாம்."

அவள் தட்டைப் பார்த்தாள். "அதுவரைக்கும் இது கெட்டுப்போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.