கடைசியில் வரும் ஹாரன்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சில வருஷம் பியானோ வகுப்பு நடத்தினேன். பியானோ என்று நான்தான் பீற்றிக்கொள்வேன். இருந்தது எலெக்ட்ரிக் பியானோ, அதிலும் ஒரு கட்டையை அமுக்கினால் திரும்ப எழும்பாது. இப்போது அந்த மாடியில் தையல் கடை. மார்கழி பிறந்தால் அந்த மாடி நினைப்பு வந்து என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாடப்புத்தகத்தில் குளிர்காலப் பயிற்சி என்று ஒன்று இருந்தது. கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்து, பனி கொட்டுவதைப் பிள்ளைகள் சொந்தமாக இசையமைக்க வேண்டும். பனி கொட்டி யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் பார்த்திருப்பதாக ஒருவன் சொன்னான். புத்தகத்தை மூடிவிட்டு, அவரவர் வீட்டு மார்கழிக் காலையை வாசிக்கச் சொன்னேன்.

வினையை நானே விலைக்கு வாங்கினேன். ஒருவன் கோயில் ஒலிபெருக்கியை வாசித்தான், காது கிழிந்தது. ஒருத்தி அம்மா கோலப்புள்ளி வைப்பதை வாசித்தாள். புள்ளி முடியவே இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் போர்வைக்கு அடித்துக்கொள்வதை வாசிக்கிறோம் என்று நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள்.

குன்னத்திலிருந்து பஸ்ஸில் வரும் பத்து வயதுப் பெண்ணுடையது மட்டும் அமைதியாக இருந்தது. அவள் அப்பா அரியலூரில் சிமெண்டு லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். மேல்கட்டைகளில் மெதுவாக நாலைந்து ஸ்வரம், அதுதான் பனிமூட்டம். அப்புறம் பத்து எண்ணும் வரை ஒன்றுமே இல்லை. கடைசியில் இடது கையில் கீழ்க்கட்டைகள் இரண்டு சேர்ந்து ஒலிக்கும். தெருமுனைக்கு வந்ததும் அப்பா அடிக்கும் ஹாரன் அது. எனக்குப் பொறுமை கிடையாது. ஐந்தாகக் குறைத்துக்கொள் என்றேன். தலையாட்டினாள், குறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோரைக் கூப்பிட்டு எல்லோரையும் வாசிக்க வைத்தேன். அவள் அப்பா அதுவரை அவள் வாசித்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சேலத்துக்கு லோடு போனவர் நேராக வகுப்புக்கே வருவதாகச் சொல்லியிருந்தாராம். அன்றைக்குப் பார்த்து ரோடே தெரியாத மூட்டம். அவளைக் கடைசி ஆளாக வைத்தேன். அவள் முறையும் வந்துவிட்டது. அம்மா மட்டும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூட்டத்தை வாசித்தாள், நிறுத்தினாள். நான் பத்து எண்ணினேன். இருபது, முப்பது. யாரோ இருமினார்கள். பாவம், மறந்துவிட்டாள் என்று கையை நீட்டி, அந்த இரண்டு கட்டைகளையும் நானே அமுக்கிவிட்டேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா இன்னும் வரலைங்க மிஸ்.”

எத்தனையோ தடவை தப்பாக வாசித்து மாட்டியிருக்கிறேன். சரியான ஸ்வரத்தை வாசித்துவிட்டு வெட்கப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்காமல், பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு பெற்றோர் பக்கம் போய்விட்டேன்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் அப்பா படியேறி வந்தார். கண் சிவந்திருந்தது, சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. உட்காரச் சொன்னதற்கு, நாற்காலி அழுக்காகிவிடும் என்று சுவரோரம் நின்றுகொண்டார். அவளை மறுபடி வாசிக்கச் சொல்லிவிட்டு, என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

மூட்டம் முடிந்தது. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று எண்ணத் தொடங்கினேன். இரண்டைத் தாண்டவில்லை, ஹாரன் அடித்துவிட்டது.

“நம்ம வண்டி ஹாரனாச்சே பாப்பா,” என்றார் அவர்.