சும்மா விளையாடினால் என்ன?

கூடைப்பந்து அணிக்கு மனேஜர் என்றால், பந்து போடுவதைத் தவிர மற்ற எல்லாம் அவன் தலையில். நீங்களும் ஏதாவது சங்கத்திலோ கழகத்திலோ மாட்டியிருந்தால் நான் விளக்கத் தேவையில்லை.

எங்களுடையது மெல்பேணில் ஒரு சின்ன அணி. லீக்கில் ஒரு சட்டம்: மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டக் கூடாது. அதில் பெரும் பங்கு எங்கள் நட்சத்திரம் கஜனுக்கு. கூடையடியில் நின்று மறிக்கிற நெட்டையன் லூக்கை, கூடுதலாகத் தருகிறோம் என்று வேறு அணி கூப்பிடுகிறது. கஜன் குறைத்து வாங்கினால், அந்தக் காசைக் கொடுத்து லூக்கை வைத்திருக்கலாம். "நீங்களும் தமிழ், நீங்களே கேளுங்கள்" என்றது கமிட்டி. மாட்டேன் என்றேன். குறைப்பதென்றால் அவனாகக் குறைக்கவேண்டும்.

சாம்பார் வரிசை

கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதானம். எனக்குப் பின்னால் ஒரு பல் வைத்தியர். எங்கள் மேட்ச் ஒன்றையும் விடமாட்டார்.

"அங்கிள், கஜன் எங்கட பெடியன்தானே. அணிக்காகச் சும்மா விளையாடினால் என்ன?"

"எங்கட ஆக்களுக்கு நீர் சும்மாவோ பல்லுப் பிடுங்கிறனீர்?"

மனிசன் தட்டை நீட்டிச் சாம்பார் வாங்கினார். பிறகு சொன்னார்: "அது தொழில், அங்கிள்."

குசினிக் கதிரை

கஜனின் தாய் கூப்பிட்டு, குசினியில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. போன சீசன்தான் அவனுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். பிரிட்ஜில் மீன் பார்சலுக்குப் பக்கத்தில் இன்னும் ஐஸ் பை கிடக்கிறது.

"கமிட்டி ஆக்கள் போன் பண்ணிப்போட்டினம், தியாகம் தியாகம் எண்டு. நான் ஒண்டு கேக்கிறன் அண்ணை. முழங்கால் திரும்பப் போச்செண்டால், ஆர் வந்து பாக்கிறது?"

நான் எழும்பினேன். கோப்பையைக் கழுவப் போனேன். "அதை வையுங்கோ. பதிலைக் கொண்டு வாங்கோ."

லூக்கின் சப்பாத்து

லூக் பகலில் மெத்தைக் கிடங்கில் வேலை. பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கோச் போய், "கஜனிடம் நீயே பேசு, உனக்காகக் குறைப்பான்" என்றார். லூக் தலை நிமிரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "ஒப்பரேஷனுக்குப் பிறகு அவனைத் தாங்கி நடத்தினவன் நான். அந்தக் காலிடமே போய்க் காசு கேட்பேனா?"

கதவடி

கமிட்டிக் கூட்டத்துக்குக் கஜன் தானாக வந்தான். "குறைச்சு வாங்கிறன்" என்றான். தலைவர் கைதட்ட எழும்பினார்.

"இருங்கோ. குறையிறது முழுக்க லூக்குக்கு. நீங்கள் வாங்க நினைக்கிற புது ஸ்கோர்போர்டுக்கு இல்லை. என்ர முழங்காலுக்குக் கிளப் காப்புறுதி எடுக்கவேணும்."

தலைவர் முகம் சுருங்கியது. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார். நான் என் கதிரையை இழுத்துப்போய்க் கதவடியில் போட்டு உட்கார்ந்தேன். இந்த இரண்டுக்கும் கையெழுத்து விழாமல் ஒருவரும் வெளியே போக ஏலாது என்றேன். முணுமுணுத்தார்கள். போட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கஜனை மறித்தேன். "உன்னை ஒருத்தரும் நெருக்கக் கூடாதெண்டு நிண்டனான். பிறகேன் தம்பி?"

"எல்லாரும் கேட்டினம், அங்கிள். லூக் மட்டும் கேக்கேல்லை."

ஆக, எங்கள் அணிக்கு இன்றுவரை சும்மா கிடைப்பது கைதட்டல் ஒன்றுதான். அதையும் அந்தப் பல் வைத்தியர் வென்றால்தான் தருகிறார்.