பிஸ்கட் வாசம் வராத கதை

எண்பதுகளின் கடைசியில் பாடியில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். காலையில் நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறி, கொரட்டூரில் இறங்கி, அங்கிருந்து நடை. வண்டி வரும்போதே நிரம்பி வழியும். ஆனாலும் லேடீஸ் பெட்டியில் எனக்கு மட்டும் உட்கார இடம் இருக்கும். திருவள்ளூரிலிருந்து வரும் ஒரு நர்ஸம்மா கைப்பையை வைத்துப் பிடித்திருப்பார். சும்மா இல்லை. சுற்றி நிற்கிறவர்களின் சாப்பாட்டுக் கூடைகளை மடியில் அடுக்கிக்கொண்டு, வாரப் பத்திரிகைக் கதையை எல்லோருக்கும் கேட்கும்படி நான் படிக்க வேண்டும். பத்திரிகையை வாரம் ஒருத்தி முறை வைத்து வாங்கி வருவாள். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல் என்று நான் படிக்கிற அழகைக் கேட்கவே முந்தின வண்டியை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. பெருமைதான், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

ஆவடியில் பிஸ்கட் அக்கா ஏறிய பிறகுதான் கதை தொடங்கும். பாடி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்ததால் அந்தப் பெயர். கழுத்தில் சிலுவை, தோளில் துணிப்பை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் கதையில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சம்பளம் பத்தவில்லை என்று அழும் கதாநாயகி அடுத்த பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிவிட்டால் போச்சு. "நிறுத்து, நிறுத்து. இது யார் ஊட்டு பொடவ?" என்பார்.

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. நானும் கதை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது, ஒரு புனைபெயரில், நாங்கள் படிக்கும் அதே பத்திரிகையில் வந்துவிட்டது. வீட்டில்கூட மூச்சு விடவில்லை. மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இந்தப் பெட்டி "நல்லா கீது" என்று சொன்னால் தொடர்ந்து எழுதுவது. இல்லையா, டைப் அடிக்கிற வேலையே போதும் என்று மூட்டை கட்டிவிடுவது. நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் முகத்துக்காகப் பாராட்டுவார்கள். அதனால் வாயே திறக்காமல், வேறு யாரோ எழுதியதுபோல் படிக்கத் தொடங்கினேன்.

கதாநாயகி காலை ரயிலில் வேலைக்குப் போகிறாள். ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறாள். தென்றல் அவள் கூந்தலைக் கலைக்கிறது. கொரட்டூர் நெருங்கும்போது எங்கிருந்தோ மல்லிகை மணம் மிதந்து வருகிறது. குரலைக் குழைத்துப் படித்தேன்.

"அய்ய!" என்றார் பிஸ்கட் அக்கா. "காலைல எட்டு மணி வண்டில ஜன்னலோரம் சீட்டா? இன்னா, அவுங்கப்பன் வுட்ட வண்டியா?"

பெட்டி குலுங்கியது. நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

"மல்லிப்பூ வாசமாம். கொரட்டூர் வந்தா பிஸ்கட் வாசம் மூக்கத் தொளைக்குது. செவிடு குருடுக்குக்கூடத் தெரியும். இத எழுதுனவன் ஆம்பள. லேடீஸ் பொட்டில ஒரு நாளும் கால் வெச்சிருக்க மாட்டான். ஊட்ல குந்திகினு எழுதுறான். வேற கத படிம்மா."

எனக்கு மூக்கு நுனிவரை சிவந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பி ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் படித்தேன். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று ஆபீசில் நான் அடித்த கடிதங்களில் பாதியைத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. இந்த அம்மாவுக்கு இலக்கியம் என்றால் என்ன தெரியும் என்று இரண்டு நாள் கறுவிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லிப் படிக்கவும் மறுத்தேன்.

மூன்றாம் நாள் நின்றுகொண்டே போனேன். கதை படிக்காதவளுக்கு ஏது சீட்? நெரிசலில் முகத்துக்கு முன்னால் ஒருத்தியின் ஈரக் கூந்தல், அதில் சீயக்காய் வாசம். இன்னொருத்தியின் கூடையிலிருந்து புளிச்சாதம். அம்பத்தூர் தாண்டியதும் பால் பண்ணைப் பக்கமிருந்து காய்ச்சின பால் வாசம். அப்புறம் இரும்பு அறுக்கிற நெடி. பிறகு சூடாக, வெண்ணெயும் சர்க்கரையுமாக பிஸ்கட். உடனே எல்லோரும் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். ஸ்டேஷன் பலகையை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. நாலு வருஷமாக நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்ததும் என் மூக்கை எங்கே கழற்றி வைத்தேன்? படித்த கதைகளிலெல்லாம் மல்லிகை இருந்தது, நானும் போட்டுவிட்டேன். போட்டோ ஸ்டூடியோவில் முதுகுக்குப் பின்னால் தாஜ்மகால் படுதா தொங்குமே, அந்த மாதிரி. அந்தப் படுதாவுக்கு முன்னால் நிற்கிறவள் அழுதால் யார் நம்புவார்கள்? வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது.

தொண்டை சரியாகிவிட்டது. மறுபடி படித்தேன், இந்த முறை நானும் அக்கா மாதிரி கவனித்துக்கொண்டே. அடுப்படியில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோன ஒரு கதையில் பெட்டியே பெருமூச்சு விட்டது. ஊட்டிப் பனியில் பக்கம் பக்கமாகக் காதலித்த ஒரு கதையில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் பிஸ்கட் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "வருசத்துல நாலு நாள் எங்க கம்பெனில அடுப்ப அணைச்சு கிளீன் பண்ணுவாங்க. அன்னிக்கி வாசம் வராதா, பாதி பொம்பளைங்க அடுத்த ஸ்டேஷன் வில்லிவாக்கம் போய்த்தான் எறங்குவாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

சில மாதம் கழித்து அந்தக் கதை வந்தது, வேறு புனைபெயரில். இந்தப் பெட்டி இதையும் ஏற்காவிட்டால் பேனாவை மூடிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்திருந்தேன். படித்தேன். அப்பா இல்லாத ஒரு பெண், வேலைக்குச் சேரும் முதல் நாள். எட்டரைக்குள் போகாவிட்டால் அடுத்தவளுக்கு வேலை. மழைக்கு ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கியிருக்கிறது. பெட்டி இருட்டாக இருக்கிறது. 'பிஸ்கட் வாசம் வந்தா எறங்கிடு' என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்று பிஸ்கட் கம்பெனி அடுப்பு அணைந்திருக்கிறது. வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்கிறது. அவள் வாசத்துக்காகக் காத்திருக்கிறாள்.

"எறங்குடி!" என்று கத்தினார் பிஸ்கட் அக்கா. "யம்மா, அதாண்டி கொரட்டூரு!"

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நிமிடம் நிறுத்தினேன். அக்காவின் கண் சுருங்கியது.

"ஷட்டர் எறக்குனா மூக்குதான் ஸ்டேஷன் காட்டும்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? இத எழுதுனவ இந்தப் பொட்டிலதான் கீறா." ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "யாருடி அது?"

"நான்தான்க்கா." பத்திரிகையை மடியில் தாழ்த்தினேன். "நான்தான் எழுதினேன்."

பெட்டி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாராட்டப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியாமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ எழுதுனா இன்னா?" என்றார் அக்கா எரிச்சலோடு. "அந்தப் பொண்ணு வண்டில மாட்டிகினு நிக்குது. அதுக்கு வேல கெடைச்சுதா இல்லியா? ஸ்டேஷன் வந்துரும், சீக்கிரம் படி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தேன்.