சித்தன் மேஸ்திரி பார்க்காத முதல் பாதி

செம்மநத்தம் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் சித்தன் மேஸ்திரியின் சத்தம் இல்லாமல் ஒரு பழம்கூடச் செடியை விட்டு இறங்காது. காலையில் பழம் பறிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்றால் ஒரு வரிசைச் செடி. அதை அவள்தான் பறித்து முடிக்க வேண்டும். பக்கத்து நிரையில் எவள் திணறினாலும் கை நீட்டக் கூடாது. நீட்டினால் மேட்டிலிருந்து இடி விழும்: "நெரைய உட்டுட்டு எங்கடி போற?" மேட்டு நிரை கிடைத்தவளுக்கு அன்றைக்கு மூட்டை நிறையும். பள்ளத்து நிரை கிடைத்தவளுக்குச் சறுக்கலும் செவ்வெறும்பும்தான் மிச்சம். எவளுக்கு எது என்பது மேஸ்திரியின் வாயில் இருந்தது.

அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. மேஸ்திரி ஆவதற்கு முன் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தபோது பிடித்த பாஸ்கெட்பால் பைத்தியம் அவரை விடவில்லை. ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை, ஆனால் நியாயம் சொல்ல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருஷம், அவரிடம் பழம் பறிக்கும் காவேரியின் மகள் புவனேஸ்வரியைச் சேலத்தில் ஒரு கல்லூரி விளையாட்டுக்காகவே சேர்த்துக்கொண்டது. ஃபீஸ் இல்லை, ஹாஸ்டலும் இலவசம். டீமில் இருக்கும்வரைதான் அது. டீமை விட்டு எடுத்தால் படிப்பும் போச்சு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். பெற்றவளைவிட மேஸ்திரிதான் அதிகம் துள்ளினார்.

சனிக்கிழமை தோறும் மேட்ச். எடை போட்டு முடித்து, ஜீப் பிடித்து, ஏற்காட்டில் பஸ் மாறி, வளைவு வளைவாக இறங்கிச் சேலம் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். போர்டைப் பார்த்தால் நம் பிள்ளைகள் பத்துப் பாயிண்டாவது முன்னால் இருப்பார்கள். மேஸ்திரி முதல் வரிசையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவார். அதற்கப்புறம் சரிவுதான். மூன்று மேட்ச் இப்படியே கையை விட்டுப் போயின.

"மொத பாதி புலி, ரெண்டாம் பாதி எலி. அவ்வளவுதானுங்க இந்த டீமு," என்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டோமினிக்கின் டீக்கடையில் அவர் தீர்ப்புச் சொல்வார். "மூச்சு பத்தல. காலையில களி திங்கோணும். அப்பறம் நம்ம புவனா இருக்குதே, தன் எடத்துல நிக்கறதே இல்ல. இன்னொருத்தி கோட்டை உட்டா இவ எதுக்குங்க ஓடோணும்? கூடையில போடறதும் கெடையாது."

டோமினிக் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க மேஸ்திரி, மொத பாதியில அந்தப் புள்ள எப்படி ஆடுது?"

"அத நான் எங்க பாத்தேன்? எடை போட்டுட்டுப் போகவே பாதி ஆயிருதே!"

டோமினிக் சிரித்தார். மேஸ்திரிக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

டீக்கடையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கோச் ஹேமலதாவிடமே போய், "அந்த ஏழாம் நம்பரு புவனாவுனாலதானுங்க ஓட்டை," என்றார். எடை போடும் இடத்தில் எல்லார் முன்னாலும் காவேரியிடம், "உம் புள்ள எல்லார் நெரையிலயும் மேயறா, சொல்லி வை," என்றார். காவேரி தலையைக் குனிந்து, "சொல்றேனுங்க," என்றாள். மூன்றாவது தோல்விக்கு அடுத்த வேலைநாள் அவளுக்குப் பள்ளத்து நிரை விழுந்தது. வேண்டுமென்று கொடுக்கவில்லை என்றுதான் மேஸ்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மேட்ச் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கும் பின்பாதியில் சொதப்பினால் ஏழாம் நம்பருக்கு வேறு பெண்ணைப் பார்ப்பதாக ஹேமலதா சொல்லிவிட்டதாகக் கேள்வி. எடை போடும் வேலை இல்லாத நாள். முதல் நிமிஷத்திலிருந்தே கூட இருந்து பிள்ளையைத் தேற்றிவிடுவது என்று மேஸ்திரி முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டார்.

விசில் ஊதியதும் ஆரம்பித்தார். "புவனா! உன் எடத்துல நில்லு! நெரைய உட்டுட்டு எங்க போற?" அவள் நின்றாள். பக்கத்தில் ஒருத்தி தடுமாற, எதிர் டீம்காரி அந்த இடைவெளியில் புகுந்து பந்தைப் போட்டாள். திரும்பவும் போட்டாள். பாதி ஆட்டத்தில் நம் பிள்ளைகள் பன்னிரண்டு பாயிண்ட் பின்னால். புலியையே காணோம். மேஸ்திரியின் கணக்கு முதல் முறையாகத் தப்பியது.

அப்போது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் போன் பண்ணினார். முந்தின நாள் பழ மூட்டை ஏற்றிய ஜீப் வாழவந்தி ரோட்டில் நின்றுபோய்விட்டதாம். உள்ளே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. மேஸ்திரி வெளியே போய் வேறு ஜீப்புக்கு ஊரெல்லாம் போன் போட்டார். வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் கடைசி நிமிஷங்கள். போர்டில் நம் பிள்ளைகள் மூன்று பாயிண்ட் முன்னால்.

புவனா எங்கேயும் நிற்கவில்லை. இங்கே ஒருத்தி விட்டதை அடைத்தாள், அங்கே ஒருத்திக்கு வழி மறித்துக் கொடுத்தாள், பந்து கைக்கு வந்ததும் கூடைக்குப் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளினாள். மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "புவனா!" என்று கத்திவிட்டார். பாராட்டத்தான் கத்தினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கழுத்து குனிந்தது. விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். எதிர் டீம் ஒரு பந்தைப் போட்டது. ஒரே பாயிண்ட் வித்தியாசம்.

அந்தக் கழுத்தை அவர் தினமும் பார்க்கிறார். மேட்டிலிருந்து குரல் விழும்போதெல்லாம் காவேரியின் கழுத்து அப்படித்தான் குனியும். மேஸ்திரியின் காது மடல் சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் பார்த்தார். பிறகு வெளியே போய் மோட்டார்சைக்கிள்கள் நிற்கும் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளே ஓவென்று சத்தம் எழுந்தது. நம் பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள். உள்ளே போக அவருக்கு முகம் இல்லை.

புவனாவே தேடிக்கொண்டு வந்தாள். வியர்வைகூடக் காயவில்லை. மெடல் வாங்கியவள்போல வரவில்லை, குற்றம் செய்தவள்போல வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மேஸ்திரி. நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சுத்தானுங்க நெரைய உட்டு ஆடுனேன். நாளைக்கு அம்மாவுக்குப் பள்ளத்து நெரை குடுத்துராதீங்க. போன தடவ எறும்பு கடிச்சுக் கை நொம்ப வீங்கிருச்சுங்க."

"இல்ல கண்ணு... இல்ல சாமி..." என்றார். ஜெயித்ததற்கு ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்கும்படி வாழ்ந்திருக்கிறோமே என்று கூசிப்போனார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். டோமினிக் கை தட்டிக் கூப்பிட்டும் கடைப்பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை காவேரிக்கு மேட்டிலேயே நல்ல நிரையாகக் கொடுத்தார். காரணம் தெரியாத அந்த நல்லது அவளுக்கு நாளெல்லாம் உறுத்தியது. சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டுத் தயங்கிக் கேட்டாள்: "ஏனுங்க மேஸ்திரி, நேத்து எம் புள்ள சொன்ன எடத்துல நின்னாளுங்களா?"

எல்லாப் பெண்களும் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும் என்று மேஸ்திரி வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தார்.

"நிக்கல காவேரி. நிக்காததுனாலதான் செயிச்சாங்க. தப்பெல்லாம் நான் சொன்னதுலதான். எனக்கு வெக்கமா இருக்குது."

மேஸ்திரி இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் குத்திக்காட்டுகிறார் என்றே காவேரி எடுத்துக்கொண்டாள். முகம் வெளிறிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்கு வரட்டும், நான் கண்டிச்சு வெக்கறேனுங்க. எனக்கு நாளைக்குப் பள்ளத்து நெரையே குடுங்க, அவளப் பத்திக் கோச்சம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க."