டாக்டரம்மா போட்ட ‘பி’

எனக்குத் தெரிந்த இங்கிலீசு மூன்றே எழுத்து. ஏ, பி, சி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் அந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு கச்சிராயபாளையத்தில் யாரும் செய்யாத புளி வியாபாரம் செய்திருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற புளியில் ஒரு துளி பிட்டு வாயில் போட்டால் போதும், எத்தனை நாள் வெயில் பார்த்தது என்று சொல்லிவிடுவேன். கொட்டை எடுத்த செம்புளி ஏ. கொட்டையோடு இருப்பது பி. கறுத்துக் கசிந்தது சி. மூட்டை மேல் நானே மையால் எழுதுவேன். சாதுல்லா எழுதின மூட்டையை தியாகதுருகத்து வியாபாரி பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான், அப்படியே ஏற்றிக்கொண்டு போவான்.

அந்த எழுத்தால்தான் எனக்கும் டாக்டர் ஜெயசுதாவுக்கும் தகராறு வந்தது. அந்த அம்மாவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்தார். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வருவார். வந்த முதல் வாரமே ஊர் முழுக்க ஒரே பேச்சு, இந்த டாக்டரம்மா ஊசி போட மாட்டாராம். சளி, காய்ச்சல் என்று போனால் தொண்டையைப் பார்ப்பார், முதுகில் குழாயை வைப்பார், நூறு கேள்வி கேட்பார். கடைசியில் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, “தண்ணி நெறைய குடிங்க, வூட்ட வுட்டு வெளிய போவாதீங்க” என்று அனுப்பிவிடுவார். ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்? ஆஸ்பத்திரிக்கு வருகிற ஊசி மருந்தெல்லாம் பிறகு எங்கே போகிறது? எனக்கு அன்றைக்கே சந்தேகம் தட்டியது.

ஆளைத் தெரிந்துகொள்ள ஏ ரகப் புளி ஐந்து கிலோ கொடுத்தனுப்பினேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். சந்தேகம் ஜாஸ்தியானது. கொடுத்ததை வாங்காத ஆளை நான் லேசில் நம்புவதில்லை.

அந்த அம்மாவின் சொந்த ஊரான மணலூர்பேட்டைப் பக்கம் போகிற லாரிக்காரர் ஆதிமூலத்தை விட்டு விசாரித்தேன். அப்பா தங்கதுரை, குத்தகை நிலத்தில் கரும்பு வைக்கிறவர். மகள் அரசுப் பள்ளியில் படித்தவர். லீவு நாளில் அப்பாவோடு கரும்பு ஏற்றின டிராக்டரில் ஆலைக்குப் போய், வரிசையில் நிற்கிற வண்டி மேலேயே உட்கார்ந்து படிப்பாராம். வெட்டின கரும்பு காத்துக் கிடந்தால் காய்ந்து எடை இறங்கிவிடும். வரிசை நகராவிட்டால் அந்தப் பெண் இறங்கிப் போய் ஆலைக்காரர்களிடம் சண்டை போடுமாம்.

“அதனாலதான் பாய், ஒரு வேலை நாளைக்குன்னு நின்னா அந்தப் பொண்ணுக்கு ஆவாது” என்றார் ஆதிமூலம்.

எனக்கு வேறு மாதிரிப் பட்டது. எடைமேடையில் வளர்ந்த பிள்ளை எதையும் சும்மா கொடுக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசியில், புளி இறங்குகிற நேரம், பனியும் விடவில்லை. என் புளி மண்டியில் பாதிப் பேர் இருமினார்கள். மூட்டை தூக்குகிற சின்னதுரைக்குக் காய்ச்சல். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரி ரசூல் பீவிக்கும் உடம்பு கொதித்தது. அவளுக்கு வயது அறுபத்து மூன்று. பதினைந்து வருடமாகச் சர்க்கரை.

காலையில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். இருமுகிறவர்களை எல்லாம் வாசலில் புங்க மரத்தடியில் உட்கார வைத்து ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள். பருவகாலக் காய்ச்சலை டாக்டர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்தது. அதில் மூன்று கட்டம். எனக்குத் தெரிந்த அதே மூன்று எழுத்து.

சின்னதுரையின் சீட்டில் ‘ஏ’ என்று எழுதினார். என் மனைவியின் சீட்டில் ‘பி’.

“சர்க்கரை இருக்கு, வயசும் இருக்கு. டெஸ்ட் எடுத்து அது வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க வேணாம் பாய்” என்று ஓர் அட்டையை நீட்டினார். “காய்ச்சல் வந்து ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் இது நல்லா கேக்கும். போனதும் ஒண்ணு குடுங்க. அப்புறம் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாளு.”

“சின்னதுரைக்கு?”

“அவருக்கு இது வேணாம். காய்ச்சல் மாத்திரை போதும். ரெண்டு நாளு வூட்ல இருக்கட்டும்.”

வெளியே வந்ததும் சின்னதுரை சீட்டைத் தூக்கிக் காட்டினான். காய்ச்சலிலும் அவன் வாய் ஓயாது.

“மொதலாளி, பாத்தியா? நான் ஏ! அம்மா பி! மூட்ட தூக்கறவன் செம்புளி, மொதலாளி வூடு கொட்டப்புளி!”

மரத்தடியே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் இருமினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரி இரண்டாம் ரகமா? முதல் ரகத்துக்குக் கொடுக்காத மருந்து இரண்டாம் ரகத்துக்கு எதற்கு? டெஸ்ட்டும் எடுக்காமல், காசும் வாங்காமல் ஓர் அட்டை மருந்தைத் தூக்கிக் கொடுத்தால் என்ன பொருள்? விலை போகாத சரக்கை நான்கூட அப்படித்தான் தள்ளிவிடுவேன். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“அந்த அட்டை இன்னாங்க?” என்று வீட்டில் கேட்டாள்.

“அது அப்புறம். நீ காய்ச்சல் மாத்திரைய போடு.”

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா போன் செய்தார்.

“பாய், அம்மா மாத்திரை போட்டாங்களா?”

“போட்டாச்சு, போட்டாச்சு.”

“வாந்தி, வயித்துப் பொரட்டல்?”

“ஒண்ணும் இல்ல.”

“மாத்திரை இன்னா கலரு பாய்?”

அட்டையின் இரண்டு பக்கமும் வெள்ளிக் காகிதம். உள்ளே இருப்பது தெரியவில்லை. “வெள்ளதான்” என்றேன்.

போன் கட்டாகிவிட்டது. அரை மணி நேரத்தில் ஸ்கூட்டர் மண்டி வாசலில் நின்றது.

“அது வெள்ளையும் இல்ல, மாத்திரையும் இல்ல பாய். கேப்சூல்” என்றார். “சட்டப் பையில நீட்டிக்கினு இருக்கறத எடுங்க.”

ஐம்பது வருடமாக ஊரையே சந்தேகப்பட்டவன் நான். என்னைச் சந்தேகப்பட ஒரு பெண் வந்துவிட்டது. கோபத்தில் கேட்டேவிட்டேன்.

“எங்கூட்டுக்கு பி, மூட்ட தூக்கறவனுக்கு ஏ. இன்னா கணக்கு இது?”

ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். என் எழுத்தைப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“காலைல கட தொறந்ததும் எந்த மூட்டைய மொதல்ல பாப்பீங்க பாய்?”

“சி. பூசணம் வச்சா பக்கத்து மூட்டையும் போயிடும்.”

“ஏ?”

“அது கெடக்கும். அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

“எங்க காயிதத்துலயும் அதான். சின்னதுரைக்கு ஒண்ணும் ஆவாது, அதான் ஏ. அம்மாவுக்கு ஆயிடுமோன்னு எனக்குப் பயம், அதான் பி. மூச்சு வாங்குனா சி. மேல போங்க, இன்னும் ரெண்டு நாளு முடியல.”

மண்டிக்கு மேலேதான் வீடு. படியேறினோம். முதல் கேப்சூலை அவரே பிரித்துக் கொடுத்தார். பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறம். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினால் நிற்காமல் கூப்பிடச் சொல்லி, கருவியை எங்களிடமே விட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை அது தொண்ணூற்று ஒன்று காட்டியது. ரசூல் பீவி ஒரு வார்த்தையை இரண்டு மூச்சில் சொன்னாள். போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். சீட்டில் ‘பி’யை அடித்துவிட்டு ‘சி’ போட்டார். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் ஆக்சிஜன். அதே கேப்சூலை அங்கேயும் விடாமல் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் போனில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “நான் பையில வச்சிருந்தேனே ஒரு நாளு, அதனாலதானா?”

“தெரியாது பாய். இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்.”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த அம்மா மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் அவர் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். அவரும் சலிக்காமல் சொல்கிறார், சொல்லிவிட்டு அதன் நிறத்தையும் கேட்கிறார்.

ரசூல் பீவி வீடு திரும்பிய அன்று படியேறும் முன் மண்டியில் நின்று மூட்டைகளைப் பார்த்தாள். சின்னதுரை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

“ஏங்க, நாப்பது வருசமா என்னை எந்த மூட்டையில வச்சிருந்தீங்க?”

சின்னதுரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் அவளைத்தான் பார்த்தேன். காலையில் முதலில் பார்க்கிற மூட்டை என்றால் ‘சி’ என்றுதான் சொல்ல வேண்டும். புளிக்காரன் வாயில் அது எப்படி வரும்?

“மேல போ புள்ள, காத்துல நிக்காத” என்றேன்.